ரெண்டாவது சாவி அண்ணன் வூட்ல

பென்டிரைவ் தொலைந்த பிறகுதான் இந்த ஏற்பாடெல்லாம் வந்தது.

அதற்கு முன்பு பாப்பிரெட்டிப்பட்டி முனிராஜ் ஸ்டுடியோவின் கல்யாணப் படங்கள் கடத்தூருக்கு பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தன. முனிராஜ் பென்டிரைவை ஒரு மருந்துக் கவரில் போட்டு, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்து, மேலே ‘காவியா, ஆல்பம்’ என்று எழுதி டிரைவர் கையில் கொடுப்பார். டிரைவர் அதை முன் கண்ணாடி ஓரம், சாமி படத்துக்கும் காய்ந்த எலுமிச்சம்பழத்துக்கும் இடையில் செருகிக்கொள்வார். கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் காவியா நின்று வாங்கிக்கொள்வாள். படங்களைத் திருத்தி, பக்கம் பக்கமாக ஆல்பம் வடிவமைத்து, அதே கவரில் அதே வழியாகத் திருப்பி அனுப்புவாள். மாட்டு மருந்து, விதைப் பொட்டலம், ஜாதக நகல் எல்லாம் போகிற வழிதான் அது. யாரும் எதையும் தொட்டதில்லை.

ஒரு முறை கவர் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில், மணமகள் அறையில் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படம் எவனோ ஒருவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாட்டோடு ஓடியது. பெண்ணின் அண்ணன்மார் வந்து முனிராஜ் ஸ்டுடியோவின் ஷட்டரை பாதி இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். அன்று சாயந்தரமே முனிராஜ் போன் செய்தார்.

“காவியா, இனிமே பஸ்ஸு சங்காத்தமே வேணாம்மா. ஆல்பம் அடிக்கிற சேலம் லேப்காரங்க, படத்த பத்திரமா அனுப்பறதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்குதுங்கறாங்க. உன் வூட்டு கம்ப்யூட்டர்ல போட்டுக்க. குமாருன்னு அங்க ஒரு தம்பி, அவன் சொல்லித் தருவான். நானும் அதுலயே படத்தப் போடறேன், நீயும் அதுலயே எடுத்துக்க. நடுவுல மூணாவது கை வரக் கூடாது.”

“சரிங்ணா.”

“ஒன்னு நெனப்புல வெச்சிக்க. எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு, டிசைன் பண்றது பொம்பளப் புள்ளைன்னு சொன்ன பொறகுதான் அட்வான்ஸ் குடுக்கறாங்க.”

அது காவியாவுக்கும் தெரியும். தர்மபுரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணமாகிக் கடத்தூர் வந்த பிறகு, வீட்டைவிட்டு வெளியே போகாமல் செய்கிற வேலை என்பதால்தான் இதற்குச் சம்மதம் கிடைத்தது. ஆனாலும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளை யாரும் இன்னாரின் மருமகள், இன்னாரின் பெண்டாட்டி என்று கூப்பிடுவதில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘வடிவமைப்பு: காவியா’ என்று முனிராஜ் போடச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்காக அவள் கண் எரிய எரிய உட்கார்ந்திருப்பாள்.

கம்ப்யூட்டர் நடுவீட்டில், பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குமாரின் குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கணவன் நவநீதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மரவள்ளிக் கிழங்கு லோடு அடிக்கும் டெம்போ அவனுடையது. அன்று லோடு இல்லை.

குமார் ஒவ்வொன்றாகச் சொன்னான், அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். சாப்ட்வேரை எந்த இடத்திலிருந்து இறக்க வேண்டும், பக்கத்தில் மினுக்கிக்கொண்டு வரும் விளம்பரப் பட்டன்களைத் தொடாமல் எதை அழுத்த வேண்டும், கூடவே வேறு எதையாவது ஏற்றட்டுமா என்று அது கேட்டால் எங்கே டிக்கை எடுக்க வேண்டும் எல்லாம். ஏறி முடித்ததும் ஒரு ஜன்னல் திறந்தது. இடது பக்கம் அவளுடைய கம்ப்யூட்டர், வலது பக்கம் காலி.

“வலது பக்கம்தான்க்கா லேப்பு. அங்க உங்களுக்குன்னு ஒரு ரூம் போட்டிருக்கேன். மேல பாருங்க, அட்ரஸ், யூசர் நேம், பாஸ்வேர்ட், போர்ட்டுன்னு நாலு கட்டம் இருக்கும். போர்ட்ல இருபத்திரெண்டு போடுங்க. அத மறந்தா பழைய வழியில போயிடும், அது திறந்த வண்டி மாதிரி. இது பூட்டுன வண்டி.”

அவள் எல்லாம் நிரப்பி அழுத்தினாள். நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. நீளமாக, அர்த்தமில்லாத எழுத்துகள்.

“ஓகே குடுத்துடாதீங்கக்கா! எல்லாரும் அதத்தான் பண்றாங்க. அந்த எழுத்த எனக்குப் படிச்சுக் காட்டுங்க. அது எங்க மெஷினோட கைரேகை. எங்கிட்ட இருக்கறதோட ஒத்துப் போனாத்தான் அது நாங்க. இல்லைன்னா நடுவுல எவனோ உக்காந்திருக்கான்னு அர்த்தம்.”

காவியா பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரித்துப் பிரித்துப் படித்தாள். குமார் அந்தப் பக்கம் “ம், ம்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். நவநீதன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான்.

“ஏய், என்னாடி இது, ஜோசியக்காரன் கிட்ட நட்சத்திரம் சொல்ற மாதிரி. கல்யாணப் போட்டோ தானே? இதுல என்னா ராணுவ ரகசியம்?”

“சும்மா இருங்க. தப்பாயிடும்.”

ஒத்துப் போனது. கடைசியாகப் பாஸ்வேர்ட். குமார் கொடுத்திருந்ததை மாற்றி, அவளையே புதிதாக ஒன்று வைக்கச் சொன்னான். “யாருக்கும் சொல்லாதீங்கக்கா. எனக்கும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க.” அவள் யோசித்து ஒன்று வைத்தாள். வலது பக்கம் மூன்று போல்டர்கள் தெரிந்தன: வந்தது, சரிபார்க்க, முடிந்தது. முனிராஜ் ஏற்கெனவே ஒரு காதுகுத்துப் படங்களைப் போட்டுவைத்திருந்தார். அவள் இடது பக்கம் இழுத்துவிட்டாள். கீழே பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. நடுவில் பஸ் இல்லை, டிரைவர் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. காவியாவுக்கு, தனக்கென்று ஒரு கதவு வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது.

அந்தக் குடும்பத்தில் பூட்டு என்று ஒன்று இருந்தால் சாவி இரண்டு இருக்கும். ஒன்று இந்த வீட்டில், இன்னொன்று பக்கத்துப் பகுதியில் குடியிருந்த நவநீதனின் அண்ணன் மாதவராஜ் வீட்டில். அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து எல்லாச் சாவியும் தொங்கும். மோட்டார் ரூம், டெம்போ, பீரோ. காவியா கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸின் சாவிகூட அங்கே தொங்கியது. அப்பா இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர் அண்ணன். அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்பது நவநீதனின் கேள்வி. அது கேள்வியே இல்லை என்பதால் யாரும் பதில் சொன்னதில்லை.

“அந்தப் போட்டோ சாப்ட்வேருக்கு என்னா பாஸ்வேர்ட் வெச்ச?” என்று ஒரு நாள் கேட்டான்.

“யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு குமார் சொன்னான்ல?”

“நான் யாரோவா?”

“அப்பிடி இல்லைங்க.”

“நாளைக்கு உனக்கு ஒடம்பு முடியாம ஆஸ்பத்திரில படுத்துட்டா, முனிராஜுக்கு வேலைய யாரு எடுத்துக் குடுக்கறது? பூட்டுன்னா எவனாவது வெளியாளுக்குத்தான். வூட்டு ஆளுக்கா?”

இரண்டு நாள் அவன் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனான். ஒரு பாஸ்வேர்டுக்காகவா என்று காவியாவுக்கே அலுத்துப் போனது. மூன்றாவது நாள் சொன்னாள். அவன் அதைப் போனில் குறித்துக்கொண்டு, உடனே சகஜமாகி, வரும்போது அவளுக்குப் பிடித்த பன்னீர் ரோஸ் வாங்கிவந்தான். அந்தக் குறிப்பு அன்றைக்கே எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

மாதவராஜ் முன்பு நிலம் வாங்கி விற்கத் தரகு பார்த்தவர். நிலம் மந்தமானதும், கடைவீதியில் ஒரு ரூம் பிடித்து, ஒரு பழைய கம்ப்யூட்டரும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, திருமணத் தகவல் மையம் என்று போர்டு மாட்டினார். தொழில் ஓட்டமாக ஓடியது. பெண் பிள்ளையா என்று கேட்டு முகம் சுளித்த வீடுகளில் எல்லாம் இப்போது முப்பது தாண்டிய பையன்கள் கிணறும் டிராக்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜாதகம் கட்டுக் கட்டாக வந்தது, எல்லாம் ஆண் ஜாதகம். பெண் படம்தான் வரவில்லை. காவியாவின் தம்பி கோவிந்தனும் அந்தக் கட்டில் ஒருவன். நல்லம்பள்ளியில் நாலு ஏக்கர், தண்ணீர் உள்ள கிணறு, கெட்ட பழக்கம் இல்லை, பெண்ணும் இல்லை. “உங்க பையன நான் பாத்துக்கறேன், கவலப்படாதீங்க” என்று மாதவராஜ் காவியாவின் அம்மா பானுமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பானுமதி வாரம் தவறாமல் போன் செய்து, “உம் மாமா ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்பாள்.

அந்த சமயத்தில்தான் சித்தேரி மலைக் குடும்பம் ஒன்றின் கல்யாணப் படங்கள் வந்தன. கல்யாணம் கீழே பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்தில் நடந்திருந்தது. படத்துக்குப் படம் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தங்கை நின்றாள். பெயர் சுமலதா என்று முனிராஜ் குறிப்பில் இருந்தது. சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். நல்ல களையான முகம். மோவாயில் ஒரு தழும்பு, அரை விரல் நீளம். முனிராஜின் பொதுவான உத்தரவு, முகத்தில் பரு, தழும்பு, அம்மைக் குழி எதுவும் தெரியக் கூடாது என்பது. காவியா ஒரு படத்தில் மட்டும் அந்தத் தழும்பை எடுத்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தோலைத் தொட்டுத் தொட்டு ஒட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்து, பெருக்கிப் பார்த்தாலும் தெரியாதபடி எடுத்தாள். அவளுக்கே திருப்தியாக இருந்தது. அந்த ஒன்றை ‘சரிபார்க்க’ போல்டரில் போட்டுவிட்டு, முனிராஜ் சரி சொன்னதும் மற்றதைச் செய்யலாம் என்று விட்டாள். முனிராஜுக்கு முகூர்த்த நாட்கள். அவர் திறந்தே பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் மாதவராஜ் போனை நீட்டியபடி உள்ளே வந்தார்.

“காவியா, சோறு வடிச்சிட்டியா? இந்தப் போட்டோல ஓரமா கல்யாணப் பொண்ணு தோளு தெரியுது பாரு. அத எடுத்துட்டு, பின்னால பூச்செடி மாதிரி ஏதாச்சும் போட்டுக் குடும்மா. நாலு எடத்துக்கு அனுப்பியாச்சு, எல்லாரும் அந்தத் தோளு யாருன்னு கேக்கறாங்க.”

சுமலதா சிரித்துக்கொண்டிருந்தாள். மோவாய் வழவழவென்று இருந்தது.

“இது எங்கருந்து மாமா உங்களுக்கு?”

“உன்னோட அதுலருந்துதான். வேற எங்கருந்து?” அவர் கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். “நவநீதன் நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் அந்த சாப்ட்வேரப் போட்டுக் குடுத்துட்டான் இல்ல, அவசரத்துக்கு இருக்கட்டும்னு. நல்ல சாமான்மா. தொறந்தா, கல்யாணத்துக்கு வந்த பொண்ணுங்க பூரா வரிசையா நிக்குது.”

“மாமா, அது கஸ்டமர் படம்.”

“படம்தானே எடுத்தேன், பொண்ணையா எடுத்தேன்?” என்று சிரித்தார். “மலைப் பொண்ணுதான். இப்ப எவன் மலை, தரைன்னு பாக்கறான்? கெடைச்சாப் போதும்னு இருக்கானுங்க. நர்சு படிப்பு வேற. உந்தம்பிக்குக்கூடச் சொல்லலாம்னு பாத்தேன், உங்கம்மா மலைன்னா யோசிப்பாங்களோன்னு விட்டேன்.”

காவியா தோளை எடுத்துத் தரவில்லை. அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள். அவர் போனதும் சாப்ட்வேரைத் திறந்து, குமாருக்குப் போன் போட்டு, பாஸ்வேர்டை மாற்றினாள்.

சாயந்தரம் நவநீதன் செருப்பைக் கழற்றாமலே கேட்டான்.

“பாஸ்வேர்ட மாத்திட்டியாமே?”

“ஆமா.”

“அண்ணன் ஆபீஸ்ல நாலு பேரு உக்காந்திருக்கறப்ப, உள்ள போகாம முட்டிக்கிட்டு நின்னுதாம். அவரு மூஞ்சிய எங்க வெச்சிக்குவாரு?”

“அந்தப் பொண்ணு மூஞ்சிய எங்கங்க வெச்சிக்கும்?”

“அதுக்கென்ன கொறஞ்சு போச்சு? நல்ல எடமா அமைஞ்சா அதுக்குத்தானே லாபம்? கோவிந்தனுக்குப் பொண்ணு தேடறது யாரு? அண்ணன். அவருக்கே கதவச் சாத்துறியே, இதுக்குப் பேரு என்னா?”

அவள் புதுப் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் சொல்ல மறுத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் முனிராஜ் கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது.

சுமலதாவின் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு குடும்பம் வாடகைக் கார் வைத்துக்கொண்டு, பழத்தட்டோடு சித்தேரிக்கு ஏறிப் போயிருக்கிறது. அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர்களை அனுப்பிவைப்பதற்குள் இன்னொரு கார் ஏறியிருக்கிறது. எல்லார் போனிலும் அதே படம். ஊர் கூடிவிட்டது. சுமலதா, “நான் யாருக்கும் குடுக்கல, எனக்குத் தெரியாது” என்று அழுதிருக்கிறாள். ஆனால் அவள் அப்பன் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டிருக்கிறான்: தழும்பு எங்கே? மண்டபத்தில் எடுத்த படமென்றால் தழும்பு இருக்க வேண்டுமே? நீயே போனில் அழகு பண்ணி எவனுக்கோ அனுப்பியிருக்கிறாய், அவன் ஊர் பூராவும் அனுப்பிவிட்டான்.

“போன புடுங்கிட்டாங்களாம். காலேஜுக்கும் அனுப்பல. பரீட்ச வேற நடந்துக்கிட்டிருக்குது. அவங்கம்மா எங்கிட்ட வந்து நிக்குது, காவியா. நான் எடுத்த படத்துல தழும்பு அப்பிடியேதானே இருந்துச்சு? உங்கிட்ட நேர்ல வர்றோம்.”

காவியா போனை வைத்தாள். பெருக்கிப் பார்த்தாலும் தெரியாதபடி எடுத்தோம் என்று தான் திருப்திப்பட்ட இடம் நினைவுக்கு வந்தது. தழும்பு லேசாகத் தெரியும்படி விட்டிருந்தால்கூட அந்தப் பெண் தப்பித்திருப்பாள்.

அவர்கள் வருவதற்குள் வீடு தயாராகிவிட்டது. மாதவராஜ் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு நடுவீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நவநீதன் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தான். பானுமதி நல்லம்பள்ளியிலிருந்து போனில் அழுதாள். “ஒரு வார்த்த கம்முனு இருந்துடு காவியா. கோவிந்தன் மொகத்தப் பாரு. உம் மாமா கைவிட்டுட்டா அவனுக்கு யாரு இருக்கா?” நவநீதன் சமையலறைக்குள் வந்து மெதுவாகச் சொன்னான்: “சிஸ்டம் ஹேக் ஆயிடுச்சுன்னு சொல்லிடு. எவனோ வெளியாளு புகுந்துட்டான். அவ்ளோதான். உனக்கும் தப்பில்ல, நமக்கும் தப்பில்ல.”

முனிராஜோடு வந்த பாஞ்சாலி, சுமலதாவின் அம்மா, நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. பீரோவை ஒட்டி நின்றாள். வெயிலில் மலையிறங்கி இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு காலில் தெரிந்தது.

“உக்காருங்கம்மா” என்றார் மாதவராஜ். “கேள்விப்பட்டோம். மனசு சங்கடமாப் போச்சு. இந்தக் காலத்துல எதும்மா பத்திரம்? பெரிய பெரிய பேங்குலயே புகுந்துடறானுங்க. எங்க வூட்டுப் பொட்டியில புகுந்துட்டான் எவனோ.”

முனிராஜ் அவரைப் பார்க்காமல் காவியாவைப் பார்த்தார். “அந்தப் படம் இன்னும் பிரிண்டுக்கே போகல. அந்த ரூமுக்குள்ள போயி எடுக்கறது நானும் நீயும்தான். நீ சொல்லும்மா.”

“அதான் சொல்றாரே அண்ணன்” என்றான் நவநீதன்.

“அந்தப் புள்ள சொல்லட்டும்” என்றார் முனிராஜ்.

காவியா காபித் தட்டை பிரிட்ஜின் மேல் வைத்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள், வேலை செய்த படத்தை எடுத்து, திரையைப் பாஞ்சாலியின் பக்கம் திருப்பினாள். ஓரத்தில், படத்தின் மேல் ஒவ்வொரு திருத்தமாக அடுக்கிய லேயர்களின் வரிசை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் படம். தழும்பை மறைத்திருந்த லேயரின் கண்ணை அழுத்தி மூடினாள். சுமலதாவின் மோவாயில் தழும்பு வந்தது. திறந்தாள், போனது.

“தழும்ப எடுத்தது நான்தாங்க்கா. உங்க பொண்ணு இல்ல.”

பாஞ்சாலி திரைக்குப் பக்கத்தில் வந்தாள். காவியா மறுபடி மூடினாள், திறந்தாள். தழும்பு வந்து வந்து போயிற்று. பாஞ்சாலி விரலை நீட்டி, கண்ணாடியில் அந்த இடத்தைத் தொட்டாள்.

“பலா மரத்துலருந்து வுழுந்தா. ஆறாவது படிக்கறப்ப. தோள்ல தூக்கிக்கினு அரூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனோம். அங்க தையல் போட்டாங்களே ஒரு நர்சம்மா, அவங்களப் பாத்துத்தான் நானும் நர்சாவேன்னு சொன்னா.” காவியாவின் பக்கம் திரும்பினாள். “அத எதுக்கும்மா நீ எடுத்த? எடுக்கச் சொல்லி யாரு கேட்டா?”

முனிராஜ் தரையைப் பார்த்தார்.

“எடுத்த படம் எப்பிடி வெளிய போச்சு?” என்று பாஞ்சாலி கேட்டாள்.

“எவனோ ஹேக்...” என்று ஆரம்பித்தார் மாதவராஜ்.

“யாரும் புகுந்து எடுக்கல. நான் பாஸ்வேர்ட என் வூட்டுக்காரருக்குச் சொன்னேன். அவரு இவருக்குச் சொன்னாரு. இவருதான் எடுத்து அனுப்பினாரு.”

பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. மாதவராஜ் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தம்பியைப் பார்த்து, “கேட்டுக்கிட்டியா?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாஞ்சாலி அவர் பின்னால் வாசல்வரை போனாள். கத்துவாள் என்று காவியா நினைத்தாள். அவள் கத்தவில்லை. படியில் நின்று தகவல் மையத்தின் போர்டு வைத்த அவர் பைக்கின் பக்கத்தில் துப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இந்தக் கண்ண மூடித் தொறக்கறத அவங்கப்பனுக்குக் காட்டணுமே. எங்கூட ஊருக்கு வர்றியா?”

“வூட்ட விட்டு எங்கயும் அனுப்ப மாட்டோம்” என்றான் நவநீதன்.

முனிராஜ்தான் தன் போனை எடுத்து, காவியா தழும்பை வரவைத்துப் போகவைப்பதையும், “எடுத்தது நான்தான்” என்று அவள் சொல்வதையும் வீடியோ பிடித்துக்கொண்டார். அது சித்தேரிக்குப் போனது. சுமலதாவின் அப்பன் பார்த்தான். மறுநாள் மகளைத் தானே கூட்டிக்கொண்டு போய்ச் சேலம் ஹாஸ்டலில் விட்டானாம். பரீட்சை ஒன்று போனது போனதுதான். போனைத் திருப்பித் தரவில்லை.

இதைச் சொல்லத்தான் முனிராஜ் கடைசியாகக் கூப்பிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“நீ உண்மையச் சொன்ன, நான் மறக்க மாட்டேன். ஆனா பொம்பளப் புள்ள பண்றா, பத்திரம்னு இனி நான் யாருகிட்டயும் சொல்ல முடியாதும்மா. உன்ன நம்பறேன். உன் வூட்ட எப்பிடி நம்பறது?”

“புரியுதுங்ணா.”

மறுநாள் காலை, வேலைகளை முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் உட்கார்ந்து சாப்ட்வேரைத் திறந்தாள். அட்ரஸ், பெயர், இருபத்திரெண்டு. யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்ட். சிவப்பில் ஒரு வரி வந்தது, உள்ளே விட முடியாது என்று. வலது பக்கம் காலியாகவே இருந்தது. குமார் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: ‘சாரிக்கா. முனிராஜ் அண்ணன் உங்க யூசர மூடச் சொல்லிட்டாரு.’

கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் மேல் துணி போட்டுக் கிடந்தது. பிறகு ஒரு நாள் நவநீதன், அவளிடம் பேச்சை நிறுத்திய பிறகு முதல் தடவையாக, நேராகக் கேட்டான்.

“அது இங்க சும்மாதானே கெடக்குது? அண்ணன் ஆபீஸ்ல இருக்கறது ரொம்ப மெதுவா ஓடுதாம்.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் சுவர் மட்டும் தெரிந்தது. யு.பி.எஸ். இருந்த இடத்தில் தூசி சதுரமாகப் படிந்திருந்தது. அவள் அதைத் துடைத்தாள்.

துடைத்துவிட்டு எழும்போது போனில் சத்தம் வந்தது. அம்மா. திறந்தாள்.

சுமலதா சிரித்தாள். தோளை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்; பின்னால் பூச்செடி. மோவாய் வழவழவென்று இருந்தது. படத்துக்குக் கீழே, பானுமதி பேசி அனுப்பியிருந்தாள்: “காவியா, நம்ம அத்த வூட்டு குரூப்ல வந்துச்சு. பொண்ணு பளிச்சுன்னு இருக்குது பாரு, மொகத்துல ஒரு மாசு மருவில்ல. மலைன்னாலும் பரவால்ல. நம்ம கோவிந்தனுக்குக் கேட்டுப் பாக்கறியா? யாரு என்னான்னு விசாரி.”

காவியா அந்தக் குரலை இரண்டாம் முறை கேட்கவில்லை. படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். அழிக்கவா என்று கேட்டது. கீழே ஒரே வழிதான் காட்டியது, எனக்கு மட்டும் என்று. அழுத்தினாள். அவள் போனில் மட்டும் அது அழிந்தது.